காவல் கொலையாகுமா?

உயிர்களிடத்து அருள் பூண்டு ஒழுகுதலே நம் அறத்தின் வேர். நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்பதும், மண்ணுள் விளையும் கிழங்குகளை விலக்குவதும் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஒழுக்கங்கள். ஆனால் இவற்றைக் குறித்து வினா எழும்போது, முன்னோர் செய்தனர், நாமும் செய்கிறோம் என்னும் விடை இக்காலப் பிள்ளைகளுக்குப் போதுவதில்லை. போதாததும் நன்றே. நற்காட்சி என்பது ஐயம் நீங்கிய தெளிவு. ஐயத்தை மறைத்துவைத்தல் நற்காட்சி ஆகாது.

சென்ற தசலக்ஷண நாள்களில் ஒரு மாலை, ஜினாலயத்தில் நூல் வாசிப்பு முடிந்தபின், எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி நம் அருகே வந்தமர்ந்தாள். "டீச்சர் பாட்டி, புண்ணில் வரும் சீழ் என்பது கிருமிகளோடு போராடி மடிந்த வெள்ளணுக்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். அப்படியானால் நாம் உறங்கும்போதும் நம் உடம்பு கொலை செய்துகொண்டுதானே இருக்கிறது? பிறகு அகிம்சை விரதம் எப்படி நிற்கும்?" என்று கேட்டாள்.

அவ்வினாவின் பின்னே ஒரு துயரம் இருந்தது. சர்க்கரை நோயால் காலில் புண் கண்ட அவளுடைய பாட்டியார், கிருமிகளைக் கொல்லும் மாத்திரையை உட்கொள்வது பாவம் எனக் கருதி, மருத்துவர் எழுதித் தந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டார். புண்ணோ பரவிக்கொண்டிருந்தது. மாத்திரையை உண்டால் பாட்டிக்குப் பாவம் சேரும். உண்ணாவிடில் கால் போய்விடும். இவ்விரு அச்சங்களுக்கிடையே அக்குழந்தை தவித்தாள்.

நாம் உடனே விடை கூறவில்லை. ஆசிரியப் பணியிலிருந்த ஆண்டுகளில் இப்பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். கரும்பலகையில் ஒரு கோட்டை வரைவோம். வெள்ளணுக்களைப் போர்வீரர் என்போம். கிருமிகளைப் பகைவர் என்போம். பிள்ளைகள் மகிழ்வர். ஒருமுறை, கிருமியும் ஓர் உயிர்தானே என்று எழுந்து கேட்ட மாணவனை, அது தேர்வில் வராது என்று கூறி அமரச் செய்தோம். மாணவனின் வினாவை மறிக்காதே என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடங்களுள் ஒன்று. அதில் தவறிய கடனை இக்கட்டுரையால் ஓரளவேனும் தீர்க்க முயல்கிறோம்.

உடல் செய்வது என்ன?

உடலின் காவலைக் கூர்ந்து நோக்கினால், அதன் பெரும்பகுதி போரன்று, கதவடைப்பே என்பது விளங்கும். நம் தோலின் மேற்பரப்பு உயிரற்ற செல்களாலான அடுக்கு. அது சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டே, தன்மேல் படிந்தவற்றையும் உடன் கொண்டுபோய்விடுகிறது. மூச்சுக்குழாயின் உட்புறம் கோழை படர்ந்துள்ளது. அதில் சிக்கிய தூசியையும் கிருமியையும் மயிரிழையினும் நுண்ணிய இழைகள் மேல்நோக்கித் தள்ளுகின்றன. இரைப்பையில் அமிலம் உள்ளது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் லைசோசைம் என்னும் பொருள் உள்ளது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்கு முன்னரே, 1922-இல் இதனை உலகுக்கு அறிவித்தார்.

கதவைக் கடந்து உள்ளே புகுந்தவற்றுக்கு அடுத்த காவல் வெள்ளணுக்கள். இதனை முதலில் கண்டவர் இலியா மெச்னிகாவ் என்னும் ருஷ்ய அறிஞர். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் சிறு முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் நோக்கினார். முள்ளைச் சூழ்ந்து செல்கள் திரண்டிருந்தன. 1908-இல் பவுல் எர்லிக் என்பாரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த அறிவு ஒரு சிற்றுயிரின் உடலில் முள் தைத்துப் பெறப்பட்டது என்பதையும் நாம் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளணுக்களுள் மிகுதியானவை நியூட்ரோபில்கள். வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்கள் தோன்றுகின்றன. அவற்றின் வாழ்நாள் மிகக் குறுகியது. கிருமியை விழுங்கித் தாமும் மடிவன பல. சிறுமி கேட்ட சீழ் இதுவே.

இவற்றினும் நுட்பமானவை லிம்போசைட்டுகள். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். அவ்வடிவமுள்ள கிருமி வந்தால், அதற்குரிய செல் பல்கிப் பெருகும். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுவது இதனாற்றான். ஒரு வகை லிம்போசைட்டுகள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. எதிர்ப்பொருள் பல வேளைகளில் கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு, அது நம் செல்லுக்குள் நுழையாதவாறு தடுத்துவிடுகிறது. மற்றொரு வகை, வைரஸ் புகுந்துவிட்ட நம் செல்களையே அழிக்கின்றது.

நோய் நீங்கியபின் பெரும்பாலானவை மறைய, சில மட்டும் நினைவைச் சுமந்து எஞ்சுகின்றன. அந்நினைவின் நீளம் வியக்கத்தக்கது. வட அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. பின்னர் 1846-இல்தான் மீண்டும் வந்தது. அங்கு ஆய்வு செய்த பீட்டர் பானும் என்னும் மருத்துவர், முதன்முறை அம்மை கண்டிருந்த முதியோரை 65 ஆண்டுகளுக்குப் பின்னும் அது தீண்டவில்லை என்று கண்டார்.

நிறுத்தத் தெரிந்த காவல்

நாம் வகுப்பில் கூறாமல் விட்ட பகுதி இனி வருவது. உடலின் காவலுக்குக் கொல்லும் ஆற்றல் இருப்பது பெரிதன்று. கொல்லாமல் விடும் அறிவு இருப்பதே பெரிது.

நம் உடலில் நம் செல்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. நம்மோடு வாழும் பாக்டீரியாக்கள், 2016-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. அவற்றுள் மிகுதியானவை பெருங்குடலில் வாழ்கின்றன. உடல் அவற்றை அழிப்பதில்லை. எல்லை கடவாமல் காத்து, உடன் வாழவிடுகிறது. அவையும் நமக்கு உதவுகின்றன.

மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமஸ் சுரப்பியில் லிம்போசைட்டுகளின் ஒரு பிரிவு பயிற்சி பெறுகிறது. தன் உடலையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே நீக்கப்படுகின்றன. தப்பி வெளிவந்தவற்றை அடக்குவதற்கென்றே வேறு சில செல்கள் உள்ளன. ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவின் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2001-இல் இவற்றோடு தொடர்புடைய மரபணுவைக் கண்டறிந்தனர். இம்மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எதிர்ப்பை அடக்கும் ஆற்றலைக் கண்டதற்காகப் பரிசு!

அவ்வடக்கம் குலைந்தால் என்ன நேரும்? முடக்குவாதத்தில் உடல் தன் மூட்டுகளையே தாக்குகிறது. சிறுவரை வாட்டும் முதல் வகைச் சர்க்கரை நோயில், இன்சுலின் சுரக்கும் செல்களைத் தானே அழித்துக்கொள்கிறது. கொரோனா தொற்றிலும் இதனைக் கண்டோம். நோய் முற்றியோர் பலரின் நுரையீரலைச் சிதைத்ததில், வைரஸோடு உடலின் கட்டுக்கடங்காத எதிர்ப்பும் பங்கு கொண்டது. 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரும் ஆய்வில், எதிர்ப்பைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் காணப்படவில்லை. அளவு மீறிய காவலே அழிவாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

கோபம் பிறரைச் சுடுமுன் தன்னையே சுடும் என்று நம் ஆசாரியர்கள் கூறுவர். ஒப்புமை அழகிதே. ஆயினும் வெள்ளணுவுக்குக் கோபமில்லை, கருணையுமில்லை. செல்லின் செயலிலிருந்து அறத்தைப் பெற முடியாது. அறம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது.

இம்சை எங்கே தொடங்குகிறது?

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் நீங்குதலை மட்டும் கூறாது, கவனமின்மையோடும் கஷாயத்தோடும் கூடிய செயலால் உயிர் நீக்கப்படுதலையே இம்சை என்கிறது. பொன்னூர் மலையோடு சேர்த்து நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர், தம் பிரவசனசாரத்தில் இதனை மேலும் தெளிவாக்குகிறார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உண்டு. விழிப்போடு நடப்பவனுக்கு, நேர்ந்த உயிரிழப்பால் மட்டும் கட்டு இல்லை என்பது அதன் கருத்து.

ஆகவே சிறுமியின் வினாவுக்கு விடை இரு பகுதி உடையது. உடலுக்குள் நுண்ணுயிர்கள் மாய்கின்றன என்பது உண்மை. அதனை மறைக்க வேண்டா. கிருமிக்கு உயிரில்லை என்று சொல்லித் தப்பவும் வேண்டா. கண்ணுக்குப் புலனாகாத ஓரறிவுயிர்களும் நிகோத ஜீவன்களும் எங்கும் நிறைந்துள்ளன என்று நுண்ணோக்கி தோன்றுமுன்னரே கூறிய சமயம் நம்முடையது. ஆனால் அச்செயலில் நம் எண்ணமில்லை, ஏவலில்லை, உடன்பாடுமில்லை. இதயம் துடிப்பதுபோல் அது நிகழ்கிறது. உடல் எடுத்த உயிர் அனைத்துக்கும் உள்ள நிலை இது. இதற்காக நாணுவதைவிட, இத்தகைய உடல் மீண்டும் மீண்டும் வாராத வீட்டுநெறியை நாடுவதே தக்கது. நம் பொறுப்பு, நம் தெரிவு தொடங்கும் இடத்தில் தொடங்குகிறது.

மருந்தும் விரதமும்

இனி மாத்திரை. இங்கே தெரிவு உண்டு. எனவே பொறுப்பும் உண்டு. இல்லறத்தார் முற்றாக விலக்க வேண்டியது சங்கல்ப இம்சை, அதாவது கொல்லும் கருத்தோடு கொல்லுதல். இல்வாழ்வில், தொழிலில், தற்காப்பில் தவிர்க்கவொண்ணாது நேர்வனவற்றை இயன்ற அளவு சுருக்கிக்கொள்ளுமாறு அறநூல்கள் பணிக்கின்றன. நோய்க்கு மருந்துண்பவர் கிருமியின்மேல் பகை கொண்டு உண்பதில்லை; விரதங்களைக் காக்கும் கருவியாகிய உடலைப் பேணவே உண்கிறார்.

மருந்தை மறுப்பதே சல்லேகனைக்கு ஒப்பாகும் என்று சிலர் மயங்குவர். இரத்தினகரண்டகம் சல்லேகனையைத் தீர்க்கவியலாத துன்பத்துக்கும் நோய்க்கும் மூப்புக்குமே விதிக்கிறது. அந்நூலை இயற்றிய சமந்தபத்திரர், பஸ்மக நோயால் வருந்திச் சல்லேகனைக்கு இசைவு வேண்டியபோது, அவருடைய குரு இசையாது, முதலில் நோயைத் தீர்த்துக்கொள், பின்னர் மீண்டும் துறவு ஏற்பாயாக என்று பணித்ததாக வரலாறு வழங்குகிறது. மாமுனிவர்க்கே அந்நெறியெனின், இல்லறத்தார்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் இதே நெறி நம்மில் பலரை மறுபுறமிருந்தும் கண்டிக்கிறது. சளி பிடித்த அன்றே கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறோம். வைரஸால் வரும் சளிக்கு அது பயன்படாது. குடலில் தீங்கின்றி வாழும் பாக்டீரியாக்களை அது வீணே அழிக்கும்; மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் வழி செய்யும்; நாளை வேறொருவர் உயிருக்கு அது உலை வைக்கும். இதுவே பிரமாதம் என்னும் கவனமின்மை. வேண்டியபோது மறுப்பதும், வேண்டாதபோது விழுங்குவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

தடுப்பூசியோ உடலின் நினைவாற்றலைத் துணைகொள்வது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-இல் தொடங்கிய அம்மை குத்தும் முறையால், இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு பெரியம்மை ஓய்ந்தது. 1980-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அம்மருந்து நெடுங்காலம் கன்று முதலிய விலங்குகளின் தோலில் உண்டாக்கப்பட்டது என்பதும் உண்மை. பயனைப் பெற்ற நாம் அவ்வுயிர்களின் துன்பத்தையும் நினைந்து, ஆலோசனை, பிரதிக்கிரமணம் ஆகியவற்றில் அதனையும் சேர்த்துக்கொள்ளுதல் தகும். குற்றமில்லை என்று நெஞ்சை மழுக்குவதும், குற்றம் என்று அஞ்சிக் குழந்தைக்கு ஊசி போடாதிருப்பதும் நன்னெறி ஆகா. கதவடைப்பே முதற்காவல் என்பதால், காய்ச்சி வடிகட்டிய நீரும் கைத்தூய்மையும் மருந்தின் தேவையையே குறைக்கும். ஊற்று அடைபடும் செறிப்பு, உதிர்ப்புக்கு முன் நிற்பதும் இம்முறையே அன்றோ?

இவற்றையெல்லாம் எண்ணித் தெளிந்து, மறுநாள் அச்சிறுமியின் இல்லம் சென்றோம். பாட்டியார் பொறுமையாகக் கேட்டார். பின், "அம்மா, அந்த உயிர்களுக்கு நான் என்ன சொல்வது?" என்றார். "நாள்தோறும் சொல்கிறோமே, எல்லா உயிர்களும் என்னைப் பொறுக்கட்டும் என்று, மாத்திரையைக் கையில் வாங்கும்போதும் அதையே சொல்லுங்கள்" என்றோம். அன்று மாலையே மருத்துவமனைக்குச் சென்றார். சுண்டுவிரல் போயிற்று, கால் தப்பியது. இன்று மீண்டும் ஜினாலயத்தை வலம் வருகிறார்.

அன்று வகுப்பில் நாம் அமரச் செய்த மாணவன் இதனைப் படிக்க நேருமாயின், அவனுக்கும் இதுவே நம் விடை. கிருமியும் ஓர் உயிரே. அதனை அறிந்து, அஞ்சி, அளவறிந்து காத்துக்கொள்வதே அகிம்சை.

அறம் வாழ்க! அருள் வளர்க!