கருந்துளையும் இழப்பு என்னும் சொல்லும்

எரிந்துபோன ஏட்டில் இருந்த தகவல் அழிந்துவிட்டதா, அல்லது நம்மால் படிக்க இயலாததாகிவிட்டதா? இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது நம் வழக்கம். இயற்பியலார் அவ்வாறு கொள்வதில்லை. சாம்பல், புகை, ஒளி, வெப்பம் ஆகிய அனைத்தின் நிலையையும் முற்ற அறிய இயலுமாயின், ஏட்டின் முன்னைய நிலையைக் கொள்கையளவில் மீட்டுவிடலாம் என்பது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை. கருந்துளையின்முன் இக்கொள்கை தடுமாறிய வரலாறு, ‘இழப்பு’ என்னும் சொல்லின் பொருளை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

என்ட்ரோபியை ஒழுங்கின்மை எனப் பெயர்ப்பது பரவலான வழக்கு; அது நிறைவான விளக்கமன்று. புறத்தே ஒரு தன்மைத்தாய்த் தோன்றும் பொருள், அகத்தே எத்தனை நுண்ணிலைகளில் இருக்கக்கூடும் என்பதன் அளவே என்ட்ரோபி. அதாவது, நாம் அறியாதவற்றின் அளவு. கருந்துளைக்கும் அஃது உண்டெனவும், அதன் எல்லைப் பரப்பைப் பொறுத்து அமைவதெனவும் 1970களின் தொடக்கத்தில் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் முன்மொழிந்தார். கருந்துளை கதிர்வீசித் தேயும் என 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டினார். சிக்கல் இங்குத்தான் தோன்றுகிறது. அவர் கணக்கின்படி அது வெறும் வெப்பக் கதிர்வீச்சு. உள்ளே விழுந்தது ஏடா, கல்லா என்பதை அது கூறாது. ஆகவே கருந்துளை மறையும்போது தகவலும் மறைகிறது என 1976இல் அவர் முடிவுசெய்தார்.

தகவல் காக்கப்படுமாயின், கதிர்வீச்சின் என்ட்ரோபி முதலில் பெருகி, ஒரு கட்டத்திற்குப்பின் குறைந்து, இறுதியில் இல்லாதொழிய வேண்டும் என 1993இல் டான் பேஜ் விளக்கினார். முன்னர் வெளிவந்த கதிர்களோடு பின்னர் வருவன பிணைந்திருக்கும். தனித்தனியே நோக்கின் பொருளற்றவை, முழுமையும் கைவரின் மட்டுமே தகவலைத் தரும்.

1997இல் ஹாக்கிங்கும் கிப் தோர்னும் ஒருபுறமும் ஜான் பிரெஸ்கில் மறுபுறமுமாக இது குறித்துப் பந்தயம் கட்டினர். வென்றவர் விரும்பும் கலைக்களஞ்சியமே பரிசு. வேண்டும்போது தகவலை எடுத்துக்கொள்ளத்தக்க நூல் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 2004இல் டப்ளினில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றை அளித்தார். அதன் சாம்பலைத் தந்திருந்தாலும் போதுமே என நகைச்சுவையாகக் குறிப்பிட்டதும் உண்டு. தோர்ன் அன்று உடன்படவில்லை. 2019இல் வெளிவந்த கணக்கீடுகள் பேஜ் கூறிய வளைவையே தந்தன. எனினும் தகவல் எவ்வழியே வெளியேறுகிறது என்பது முழுமையாக விளங்கவில்லை.

சாம்பல் பற்றிய அந்நகைச்சுவையே நம் வினாவின் மையம். ‘எதுவும் அழிவதில்லை என அறிவியல் மெய்ப்பித்துவிட்டது’ என்று கூறுவோர் இருவேறு பொருள்களைக் கலந்துவிடுகின்றனர். இயற்பியல் கூறும் தகவல் பொருண்மையன்று. கவிதை எழுதிய ஏட்டிற்கும் கிறுக்கிய ஏட்டிற்கும் அதில் வேறுபாடில்லை. மேலும், சூரியனின் நிறையுடைய கருந்துளை முற்றும் மறைய ஏறத்தாழ 10இன் 67ஆம் அடுக்கு ஆண்டுகள் ஆகும். அதுகாறும் ஒரு கதிரையும் தவறவிடாது தொகுத்துப் படிப்பவர் யார்?

அங்ஙனமாயின் இழப்பு என்பது நம் இயலாமைக்கு இட்ட பெயர்தானே, உலகில் உள்ளதொரு நிகழ்வன்றே என மறுப்பர் சிலர். அம்மறுப்பு வலியுடையதன்று. என்ட்ரோபியும் நம் அறிதலின் எல்லையை ஒட்டியே வரையறுக்கப்படுகிறது. ஆயினும் அதனைப் புறக்கணித்து எந்த வெப்ப இயந்திரத்தையும் வடிவமைக்க இயலாது. படிப்பவரைச் சார்ந்தது என்பதனால் ஒன்று பொய்யாகிவிடுவதில்லை. ஒரே படியாக எஞ்சிய ஏட்டை எரியவிட்டவர், அதன் தகவல் புகையில் இருக்கிறது என்று விடையிறுப்பாராயின், அவ்விடை இயற்பியலளவில் சரியே. அவரிடம் வினவப்பட்டது அதுவன்று.