திருகில் உள்ள பெயர்

ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வெறும் தகவல் சம்பந்தப்பட்ட கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். அது அறம் சம்பந்தப்பட்டதும்கூட என்பது பதில் சொல்லிவிட்ட பிறகே தெரிந்தது.

நண்பர் ஒருவர் தம் தாத்தா காலத்துப் பித்தளை மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்க வேண்டியிருந்தது. திரியை ஏற்றி இறக்கும் திருகின் முகப்பில் வில்ட்-வெஸ்ஸெல் என்ற பெர்லின் கம்பெனியின் பெயர். 'பெர்லின் விளக்கு' என்றேன். என் பேச்சை நம்பி ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிப் போனார்.

திருகில் இருப்பது பர்னர் செய்தவன் பெயர். 1865இல் வில்ட்-வெஸ்ஸெல் கொண்டுவந்த காஸ்மாஸ் பர்னரில் அகலமான தட்டைத் திரி மேலே போகும்போது வளைந்து வட்டமாகிறது. இத்தகைய ஜெர்மன் பர்னர்கள் தனியாகவே ஏற்றுமதியாயின. பிற நாட்டு விளக்குக்காரர்கள் தங்கள் எண்ணெய்க் கலத்தின் மேல் அவற்றைத் திருகி விற்றார்கள். கலம் ஒரு பட்டறை, பாதம் ஒரு பட்டறை, சிம்னி வேறொரு கண்ணாடித் தொழிற்சாலை என்று இருக்கலாம். மரை ஒத்துப்போனால் ஒன்றின் தலை இன்னொன்றின் உடம்பில் ஏறும்.

பெர்லினையே நெருங்கிப் பார்த்தால் அதுவும் நகர்கிறது. பர்னரின் அளவைச் சொல்லும் 'லினி', பாரிஸ் அங்குலத்தின் 12இல் ஒரு பங்கு, சுமார் 2.26 மில்லிமீட்டர். பிரான்ஸே கைவிட்ட அளவு அது. வட்டத் திரிக்கு நடுவே காற்றை விடும் யோசனை ஜெனீவாக்காரரான ஆர்கானுடையது. 1780களில், மண்ணெண்ணெய்க்கு முன்பே வந்தது. மண்ணெண்ணெய் விளக்கோ 1853இல் லிவிவ் நகரில் லுகாசியேவிச் ஏற்றியது.

ஆகவே மூலம் என்று ஒன்றே கிடையாது என்று கைகழுவுவது சுலபம். அது சோம்பல். அந்த பர்னர் பெர்லினுடையதுதான். அந்த நிச்சயத்தைப் பாதம்வரை இறக்கியது என் தவறு. பாதத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்த தடம் இருந்தது. அதைப் பார்த்தேன். மேலே ஒரு பெயர் இருந்ததால் கீழே பார்த்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அறியாமை என்றால் மன்னித்துக்கொள்ளலாம். இது அறியாமை இல்லை.

வங்கியில் கடன் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குகிறோம். கடைசிப் பக்கத்துக் கையெழுத்து முதல் பக்கத்துக்குச் சாட்சி ஆகாது என்பதால்தான். பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு, இரவில் விமர்சனம் எழுத உட்காரும்போது மறந்துவிடுகிறேன். ஒரு படிமம் எலியட்டிடமிருந்து வந்தது என்று காட்டலாம். கவிதையே அங்கிருந்து வந்தது என்பது திருகைப் பார்த்து விளக்குக்குப் பெயர் வைப்பது. அப்படி நானும் எழுதியிருக்கிறேன். பற்றவைத்த இடம்தான் அந்தக் கவிஞன் பட்ட பாடு என்பது அப்போது உறைக்கவில்லை.

வாங்கியவருக்குக் கடிதம் எழுதினேன்: என் சாட்சி பர்னருக்கு மட்டும்; பாதத்தில் ஈயப்பற்று உண்டு. நண்பருக்குக் கோபம். கட்டணம் கட்டியாகிவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்டால் எங்கே போவேன் என்றார். நியாயம்தான். என் உண்மைக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? கேட்டால் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஜாமீன் நின்றவன் நான்தானே.