அதிதி உண்ணும் வீடு

‘திதி’ என்பது நாளைக் குறிக்கும். இன்ன நாளில் வருவேன் என்று அறிவிக்காமல் வந்து நிற்பவர் ‘அதிதி’ என்று மரபு பொருள் கூறும். அழைப்பை ஏற்று வருபவரை ‘அப்யாகதர்’ என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. கைப்பேசி வந்த பின்னர் முதல் வகையினர் பெரிதும் அருகிவிட்டனர். ‘சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சாப்பிட வாருங்கள்’ என்று நாம் அழைக்கும் நண்பர் இலக்கணப்படி அதிதி அல்லர். எனினும் அவரை வரவேற்கும் மனநிலை வேறாக இருக்க வேண்டியதில்லை.

குருகுலத்தை விட்டு இல்லறத்திற்குச் செல்லும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரை தைத்திரீய உபநிடதத்தில் வருகிறது. தாய், தந்தை, ஆசாரியர், அதிதி ஆகிய நால்வரையும் தெய்வமாகக் கருதும்படி அவர் பணிக்கிறார். இந்த வரிசை சிந்திக்கத் தக்கது. முதல் மூவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். உடலும் அறிவும் அவர்கள் தந்தவை. நான்காமவர் நமக்கு எதுவும் செய்ததில்லை. நாளை செய்வார் என்ற உறுதியும் இல்லை. நன்றியுணர்வு தொடாத இடத்திலும் வழிபாடு தொடர வேண்டும் என்பதற்காகவே அவரை அவ்வரிசையில் சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மேலதிகாரியையும் தொழிலில் உதவக்கூடியவரையும் அழைத்து விருந்திடும்போது இந்த நான்காவது இடம் காலியாகவே இருந்துவிடக்கூடும்.

கடோபநிடதத்தில் சிறுவன் நசிகேதன் யமனுடைய வீட்டில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருக்கிறான். யமன் அப்போது வீட்டில் இல்லை. ‘வெளியே சென்றிருந்தேன்’ என்ற ஒரு வார்த்தையில் அவன் பொறுப்பிலிருந்து விலகியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. வணங்கி, இரவுக்கு ஒன்றாக மூன்று வரங்கள் தருகிறான். மரணத்தின் அதிபதியே காரணம் சொல்லாமல் நின்ற இடம் அது. நாமோ விருந்தினர் அமர்ந்தவுடன், ‘இன்று வேலைக்காரி வரவில்லை, குழம்பு சரியாக வரவில்லை’ என்று தொடங்கிவிடுகிறோம். ‘இல்லையில்லை, மிக நன்றாக இருக்கிறது’ என்று ஒவ்வொரு கவளத்திற்கும் சமாதானம் கூறும் வேலை உண்பவருடையதாகிவிடுகிறது. முதலில் குடிக்கத் தண்ணீர், பின்னர் அமைதியாக அமர ஓர் இடம், தொலைக்காட்சியை அணைத்துவிட்ட கூடம்: இவற்றைத் தந்துவிட்டால் குழம்பைப் பற்றி ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டில் பிக்ஷை ஏற்கும் துறவியரின் சொல்லை இவ்விஷயத்தில் நம்பலாம்.

எளிய விருந்தோம்பலுக்கு அன்னை ஸ்ரீசாரதாதேவியின் ஜெயராம்பாடி இல்லத்தைக் காட்டிலும் சிறந்த பாடசாலை இல்லை. வங்கத்தின் புகழ்பெற்ற நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் அங்கே தங்கியிருந்தார். ஒருநாள் இரவு தம் படுக்கை விரிப்பு வெண்மையாக வெளுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அன்னையே குளத்திற்குச் சென்று தம் கையால் அதைத் துவைத்தார் என்று அறிந்து நெகிழ்ந்துபோனார். கல்கத்தாவிலிருந்து வரும் பக்தர்களுக்குக் காலையில் தேநீர் அருந்தும் பழக்கம் உண்டு. அந்தச் சிற்றூரில் அதிகாலையில் பால் கிடைப்பது எளிதன்று. அன்னை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று பால் வாங்கி வருவார். இவற்றில் செலவு என்று எதுவும் இல்லை. இன்னாருக்கு இன்னது தேவை என்று ஒருவர் நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நாமும் அழைக்கும்போதே, ‘எதை உண்பதில்லை?’ என்று கேட்டுவிடலாம். சர்க்கரை நோயுள்ளவருக்கு எட்டு மணி என்றால் எட்டு மணிதான். தரையில் அமர இயலாத முதியவருக்கு நாற்காலி முன்னதாகவே போடப்பட்டிருக்க வேண்டும். ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் ‘மனுஹார்’ என்ற வழக்கம் உண்டு. இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று வற்புறுத்தி உண்பிப்பது. அழகான வழக்கம், ஆனால் மருத்துவர் இனிப்பை விலக்கச் சொன்னவரின் தட்டில் மூன்றாவது லட்டை வைப்பது அன்பு ஆகாது.

வீட்டாரின் பசியையும் சாஸ்திரம் மறக்கவில்லை. புதுமணப் பெண்கள், சிறுமியர், நோயுற்றவர்கள், கருவுற்ற பெண்டிர் ஆகியோருக்கு அதிதிகளுக்கும் முன்பாகவே, தயங்காமல் உணவளிக்கும்படி மனுஸ்மிருதி கூறுகிறது. நண்பர்கள் தாமதிக்கிறார்கள் என்பதற்காகப் பாட்டியை ஒன்பதரை மணிவரை பட்டினியாக வைத்திருப்பது மரபு அன்று. மற்றொன்று: இல்லத்தரசி மட்டும் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நடந்துகொண்டிருக்க, கணவர் உலக அரசியல் பேசும் விருந்து பாதி விருந்தே. அதிதி பூஜை என்பது இருவர் செய்யும் வேள்வி. பரிமாறும் கரண்டி எந்தக் கையையும் மறுப்பதில்லை.

இனி, யார் அதிதி என்ற கேள்வி. அன்னையின் இல்லத்தில் அம்ஜத் என்ற முஸ்லிம் தொழிலாளி உண்ண அமர்ந்தார். சுற்றுவட்டாரத்தில் கொள்ளைக்காரர் என்று பெயர் பெற்றவர். அன்னையின் சகோதரர் மகள் நளினி, தீட்டுக்கு அஞ்சி, தள்ளி நின்றே உணவை அவரது இலையில் எறிந்தாள். இப்படிப் போட்டால் மனிதன் எப்படிச் சுவைத்து உண்பான் என்று கடிந்து, அன்னை தாமே பரிமாறினார். உண்டு முடிந்த பின் அவ்விடத்தையும் தாமே சுத்தம் செய்தார். ‘ஜாதி போய்விடும்’ என்று நளினி அலறினாள். தம் அன்புக்குரிய துறவி சரத் (சுவாமி சாரதானந்தர்) எவ்வாறு மகனோ அவ்வாறே அம்ஜதும் மகன் என்பதே அன்னையின் விடை.

இந்நிகழ்ச்சியை மேடையில் கேட்டுக் கண்கலங்குகிறோம். அன்றிரவே நம் வீட்டு விருந்தில், நண்பரை அழைத்து வந்த ஓட்டுநர் இரண்டு மணி நேரமாகக் கீழே காரில் அமர்ந்திருக்கிறார். பாத்திரம் கழுவ வந்த அம்மாளுக்குத் தனி டம்ளர், அதுவும் ஜன்னல் விளிம்பில். தள்ளி நின்று எறிவதற்கு வெகு தூரம் தேவையில்லை. ஆபஸ்தம்பரின் தர்மசூத்திரம் இங்கே கண்டிப்பானது: உணவு போதாவிட்டால் தன்னையோ, மனைவியையோ, மகனையோ குறைத்துக்கொள்ளலாம், வேலை செய்யும் பணியாளருக்கு மட்டும் ஒருபோதும் குறைக்கலாகாது.

விடைகொடுப்பதற்கும் அதே நூலில் விதி உண்டு. வாகனத்தில் வந்தவரை வாகனம் வரை சென்று வழியனுப்ப வேண்டும். மற்றவரோடு, ‘போதும், திரும்புங்கள்’ என்று அவர் சொல்லும்வரை நடக்க வேண்டும். அவர் சொல்ல மறந்துவிட்டால் ஊர் எல்லையில் திரும்பலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஊர் எல்லை லிஃப்ட் கதவாகச் சுருங்கிவிட்டது. இன்னும் சில மாடிகள் இறங்கிக் கார் வரை சென்றால், ஓட்டுநர் உண்டாரா என்பதும் தெரிந்துவிடும்.