அழித்த படங்கள்

செல்போனில் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. ஐபோன் 30 நாள் வைத்திருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படமென்றால் 60 நாள். வாட்டர்கலரில் நான் வரைவது பெரும்பாலும் அந்தக் கெடுவுக்குள் கிடக்கும் படங்களைத்தான். பையில் போடும்போது தானாகப் பதிவான தரை, பஸ் ஜன்னலில் கலங்கி ஓடிய புளியமரம், யாரோ குறுக்கே வந்து கெட்டுப்போன கல்யாண குரூப் போட்டோ.

நல்ல படங்களை ஏன் வரைவதில்லை என்று வீட்டில் கேட்கிறார்கள். அதில் எனக்கு என்ன வேலை? கோணம், வெளிச்சம், சிரிப்பு எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. நன்றாக வந்த குரூப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். கெட்டதில் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அத்தை குழந்தையின் சட்டையைச் சரிசெய்கிறார், மாப்பிள்ளை கொட்டாவி விடுகிறார்.

வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட காகிதம். மாப்பிள்ளையின் வேட்டியை எங்கே வெறுமையாக விடுவது என்று தூரிகை தொடும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். போனோ எதையும் விடுவதில்லை. நிழலைக்கூடத் தானே வெளுப்பாக்கிக் கொடுத்துவிடும். அந்த நிழலைத் திரும்ப இருட்டாக்குவதில்தான் பாதி நேரம் போகிறது. (முன்பின் தெரியாதவர் முகம் சிக்கியிருந்தால் வரைய மாட்டேன். முதுகு பரவாயில்லை.)

சாதாரணப் போட்டோவைப் பார்த்து வரைவது புதிதல்ல. ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1960-களில் பத்திரிகைப் படங்களையும் வீட்டு ஆல்பத்துச் சாதாரணப் போட்டோக்களையும் பார்த்து வரைந்தவர். 1965-இல் தன் சித்தி மரியானேவை வரைந்தார்: பதின்வயதுப் பெண், முன்னால் கைக்குழந்தையாக ரிக்டரே. மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்ட அந்தச் சித்தி பின்னாளில் நாஜி ஆட்சியின் மருத்துவக் கொலைத் திட்டத்துக்குப் பலியானார். அதே ஆண்டில் மாமா ருடியையும் வரைந்தார். அவர் நாஜி ராணுவச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒரே குடும்பம், இரண்டு சாதாரணப் போட்டோக்கள். ஈரச் சாயத்தை இழுத்துவிட்டு இரண்டையும் மங்கலாக்கினார். அதனாலேயே நாம் நின்று உற்றுப் பார்க்கிறோம்.

நமக்கு உற்றுப் பார்க்க நேரமில்லை. பிலிம் ரோலில் 36 படம் என்றிருந்த காலத்தில் எடுக்கும்முன் யோசித்தோம். இப்போது எடுத்துக் குவித்துவிட்டு அழிக்கும்போது யோசிக்கிறோம். அந்த யோசனையும் ஒரே கேள்விதான்: இதில் நான் எப்படி இருக்கேன்? அந்தக் கேள்வியில் தப்பிக்காத படங்களில்தான் என் அம்மா இருக்கிறார். ஓரத்தில், பாதி முகமாக, கையில் பந்திக்கான வாளியோடு. நடுவில் நிற்கச் சொன்னால் நின்றிருப்பார், யாரும் சொன்னதில்லை. அவரை வரைய எனக்குக் கிடைப்பவை அந்த ஓரங்கள்தான்.

போனில் இடமில்லை என்று மொத்தமாக அழிக்க உட்காருகிறவர்கள், ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழியுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.