அயலவருக்காக ஒரு குளுசை



வைத்தியர் நோயாளிக்கு மருந்து கொடுப்பது எதற்காக? அவனுடைய நோய் தீர்வதற்காக என்று சிறு பிள்ளையும் விடை சொல்லும். ஆனால், உண்பவனுக்கு ஒரு பயனும் தராமல், அவனுடைய அயலவருக்கு மட்டும் பயன் தருகின்ற ஒரு மருந்தை வைத்தியர் கொடுக்கலாமா? கொடுத்தால், அதை உண்ண அவன் கடமைப்பட்டவனா? இது கற்பனைக் கேள்வியன்று. நமது நாட்டிலிருந்து மலேரியாவை விரட்டிய கதைக்குள்ளேயே இக்கேள்வி இருக்கிறது.

வெள்ளாங்குளத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை போர்வை போர்த்தாலும் அடங்காத நடுக்கத்தையும், அதன்பின் உடல் அனலாய்க் கொதிப்பதையும், ஒன்றுவிட்ட ஒரு நாள் அது திரும்பி வருவதையும் அவர்கள் சொல்லுவார்கள். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இந்தக் காய்ச்சல் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. ஆனால், இன்று அதே ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மலேரியா என்பது புத்தகத்தில் உள்ள ஒரு சொல் மாத்திரமே. இந்த மண்ணிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இனி அந்தக் குளுசைக்கு வருவோம். மலேரியாக் கிருமி மனித இரத்தத்திலே இரு வகையாக இருக்கிறது. ஒரு வகை சிவப்பணுக்களை உடைத்துக் காய்ச்சலை உண்டாக்குவது. மற்றது, ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து, நோயாளிக்குத் தொல்லை தராமல், நுளம்பு வந்து குடிக்கும்வரை காத்துக் கிடப்பது. நுளம்பின் வயிற்றில்தான் அவை ஒன்று சேர்ந்து பெருகுகின்றன. அங்கிருந்துதான் அடுத்த வீட்டுக்குப் போகின்றன. பல்சிப்பாரம் என்னும் கொடிய வகை மலேரியாவிலே, வேறு மருந்துகளால் நோயாளி குணமடைந்த பின்னும் இந்தக் காத்திருக்கும் கிருமிகள் எஞ்சியிருக்கலாம். அவற்றைக் கொல்லவே பிறிமாக்குவீன் என்னும் மருந்து ஒரே ஒரு வேளை கொடுக்கப்படுகிறது. அதனால் அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. காப்பாற்றப்படுவது அடுத்த வேலிக்குள் உறங்கும் குழந்தை.

இதே எண்ணத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் நெடுங்காலம் வளர்த்தவர்களுள் ஒருவர் கொழும்புப் பல்கலைக்கழகத்து வைத்தியப் பேராசிரியை கமினி மெண்டிஸ். றிச்சர்ட் காட்டர் என்னும் விஞ்ஞானியும் வேறு சிலரும், நோயைத் தடுக்காமல் நோய் பரவுவதை மட்டும் தடுக்கும் தடுப்பூசி இயலும் என்பதை 1976ஆம் ஆண்டிலே கோழிகளின் மலேரியாவை வைத்துக் காட்டினார்கள். பின்னர் மெண்டிசும் காட்டரும் இலங்கையிலே சேர்ந்து உழைத்தார்கள். வைவாக்ஸ் மலேரியா கண்ட நம் நாட்டவரின் இரத்தத்திலேயே, நுளம்பின் வயிற்றுக்குள் கிருமியைத் தடுத்து நிறுத்தும் எதிர்ப்புச் சக்தி உண்டு என்ற அவர்களது ஆய்வு 1987இல் வெளியாயிற்று. அத்தகைய தடுப்பூசி இன்னும் பொதுப் பாவனைக்கு வரவில்லை. வந்தால், அது குத்திக்கொண்டவனைக் காக்காது. அவன் ஊரையே காக்கும்.

இங்கேதான் மனச்சாட்சி ஒரு தடை எழுப்புகிறது. நோயாளி என்பவன் ஊரைக் காப்பதற்கான கருவியா? வைத்தியரை நம்பி வந்தவனைப் பிறர் நன்மைக்குப் பயன்படுத்துவது நம்பிக்கைத் துரோகமல்லவா? இத்தடையை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஏனெனில், பிறிமாக்குவீன் எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு குறைபாடு உள்ள சிலருக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும். நன்மை பிறருக்கு, ஆபத்து எனக்கு என்றால், அது நீதியா?

குளத்தை நம்பி வாழும் ஊர் இதற்கு விடை அறியும். குளக்கட்டு உடையும்போது, உடைப்பு எவன் வயலுக்கு நேராக இருக்கிறது என்று பார்த்தா மண்வெட்டி எடுக்கிறோம்? வாய்க்காலில் மேல் வயற்காரன் தண்ணீரை மறித்தால் கீழ் வயல் காயும். அவன் விடுவதால்தான் எல்லாரும் விளைவிக்கிறோம். அப்படியே, இன்று நான் உண்ணும் குளுசை உன் பிள்ளைக்கு. நேற்று யாரோ உண்டது என் பிள்ளைக்கு. பெயர் தெரியாத பலருடைய கடனாளிகள் நாம்.

ஆனால், கட்டாயத்தால் வாங்குவது கொடையன்று. ஆகவே வைத்தியர் மீதும் ஒரு கடமை உண்டு. இது உனக்காக அல்ல, உன் அயலவருக்காக என்று அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபத்து இன்னதென்று விளக்க வேண்டும். ஒவ்வாதவர்களுக்கு அதைக் கொடாமல் விட வேண்டும். உண்மை சொல்லிக் கேட்டால் மனிதன் பெருந்தன்மையுடன் கொடுப்பான். ஏமாற்றி வாங்கினால், அடுத்த முறை கதவையே திறக்கமாட்டான்.

பெற்றோரே, பிள்ளை வைத்தியராக வேண்டும் என்று விரும்பாத வீடு நம்மிடையே உண்டோ? நாம் கனவு காண்பது நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் வைத்தியரை. நோயே வராமற் செய்யும் வைத்தியருக்கு வரிசையும் இல்லை, நன்றி சொல்வாரும் இல்லை. காய்ச்சல் வராத பிள்ளையின் தாய்க்கு, தான் எதிலிருந்து தப்பினாள் என்பது எப்படித் தெரியும்? பேராசிரியை மெண்டிஸ் பின்னர் உலக சுகாதார நிறுவனத்திலும் மலேரியாப் பணி செய்தார். அவ்வாறானவர்களின் வெற்றிக்கு அடையாளம், ஒன்றும் நடவாமை.

ஒன்றும் நடவாமையைக் காண்பவர்கள் காவலைத் தளர்த்துவதும் இயல்பு. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் கண்ட மலேரியா நோயாளிகள் 17 பேர் மாத்திரமே. முடிந்தது என்று எண்ணிக் கண்காணிப்பைக் குறைத்தோம். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

இன்றும் அபாயம் நம் வாசலில் நிற்கிறது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு, 2016 டிசெம்பரில் இலங்கையிலே முதன்முதலாக மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. காட்டாற்றுக் குட்டைகளை நாடிய பழைய நுளம்பைப் போலல்லாது, இது நமது கிணறுகளிலும் தொட்டிகளிலும் முட்டையிடும். நுளம்பு வந்துவிட்டது, கிருமி இங்கே நிலைகொள்ளவில்லை. அதை இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பும் ஒரு பயணியின் இரத்தம் கொண்டுவரக் கூடும்.

ஆகவே, மலேரியாத் தடை இயக்கத்தார் கிணற்றைப் பார்க்க வந்தால், நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன்களை அதில் விட விரும்பினால், நமக்குத்தான் காய்ச்சல் இல்லையே என்று படலையைச் சாத்தாதிருப்போம். வெளிநாடு சென்று வந்தபின் காய்ச்சல் கண்டால், போன இடத்தை வைத்தியரிடம் மறையாமற் சொல்லி, விரலை நீட்டி இரத்தப் பரிசோதனைக்கு உடன்படுவோம். ஒரு துளி இரத்தம், ஒரு குளுசை, ஒரு உண்மைச் சொல்: இவை நமக்குப் பெரிய இழப்பல்ல. யாருக்காகக் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியாமலே போகலாம். தெரியாதவனுக்குக் கொடுப்பதும் தருமமே.