பெருமிதம் யாருடையது?

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று. கணவர் பொறியாளர், மனைவி பள்ளி ஆசிரியை. நாற்பது வயதை எட்டுவதற்குச் சில ஆண்டுகள் இருக்கையில், கணவர் தம் விருப்பத்தின்பேரில் பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். சீருடை அணிந்து அவர் முதன்முதலாக வீட்டு வாசலில் நின்ற நாளில், அந்த அம்மையாரின் கண்கள் பனித்தன. உறவினர், அண்டை வீட்டார், மாணவர் என எல்லோரிடமும் அச்செய்தியைச் சொல்லி மகிழ்ந்தார்.

2025ஆம் ஆண்டு மே மாதம் எல்லையில் போர்ச்சூழல் மூண்டது. தேவைப்பட்டால் பிராந்திய ராணுவத்தின் அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தைத் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு வழங்கி, மே 6 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 32 காலாட்படை பட்டாலியன்களுள் 14 பட்டாலியன்களை முழுநேரப் பணியில் அமர்த்தவும் அதில் இசைவு தரப்பட்டிருந்தது. அச்செய்தியைப் படித்த இரவு அந்த அம்மையாருக்கு உறக்கம் வரவில்லை.

சில நாட்கள் கழித்துச் சத்சங்கத்தில் அவர் கேட்டார்: "சுவாமிஜி, பகலில் எல்லோரிடமும் பெருமையாகப் பேசுகிறேன். இரவில் பயந்து அழுகிறேன். அப்படியானால் என் பெருமை பொய்யா? 'நான், எனது' என்பதை விடச் சொல்கிறது சாஸ்திரம். அவர் செய்யும் சேவைக்கு நான் பெருமைப்படுவதும் ஒருவகை அகங்காரம்தானே?"

அங்கிருந்தோர் உடனே ஆறுதல் கூறினர். ஆனால், ஆறுதல் கூறுவதற்கு முன் ஆராய்ந்து பார்க்கவேண்டிய கேள்வி அது.

இல்லத்திலிருந்து புறப்படும் படை

சுதந்திர இந்தியாவில் பிராந்திய ராணுவச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. 1949 அக்டோபர் 9 அன்று, அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அவர்கள் இப்படையை முறைப்படி தொடங்கி வைத்தார். 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் நடந்த போர்களில் இப்படையினர் பணியாற்றியுள்ளனர். போர்க்களம் மட்டுமே இவர்களது பணியிடம் அன்று. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்து மொட்டையாகிப் போன முசூரி மலைச்சரிவுகளில் மரம் நட்டு மீண்டும் பசுமை வளர்ப்பதற்கென்றே 1982இல் இதன் சுற்றுச்சூழல் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது.

இப்படையில் அதிகாரியாகச் சேர விரும்பும் குடிமகன் ஏற்கெனவே ஒரு தொழிலிலோ வேலையிலோ இருந்து வருவாய் ஈட்டுபவராக இருக்கவேண்டும் என்பது விதி. ராணுவத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல், தம் பிழைப்பை நடத்திக்கொண்டே நாட்டுக்கு உழைக்க முன்வருபவர்களுக்கான படை இது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலம் பயிற்சி. அழைப்பு வந்தால் வேலையையும் வீட்டையும் விட்டுப் புறப்பாடு. பணி முடிந்ததும் மீண்டும் பழைய மேசை, பழைய வேலை.

இங்கே ஓர் உண்மை புலப்படும். இப்படைவீரரின் பாசறை அவரது இல்லம். அவர் பயிற்சிக்குச் செல்லும் வாரங்களில் முதிய பெற்றோருக்கு மருந்து வாங்குபவர் யார்? பிள்ளைகளின் பாடத்தைக் கவனிப்பவர் யார்? இரவில் தனியாகக் கதவைத் தாழிடுபவர் யார்? கையொப்பமிட்டுச் சேர்ந்தவர் ஒருவர். சேவையில் இறங்கியவர்கள் இருவர். இப்படையில் இன்று பெண்களும் அதிகாரிகளாகச் சேர்கின்றனர். ஆதலால் இங்கே மனைவியைப் பற்றிச் சொல்வதெல்லாம் கணவனுக்கும் பொருந்தும்.

இரு முகம் கொண்ட சொல்

வள்ளுவர் 'செருக்கு' என்ற சொல்லை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக ஆள்கிறார். 'குற்றங்கடிதல்' அதிகாரத்தின் முதற் குறளில், நீக்கவேண்டிய குற்றங்களுள் ஒன்றாக அதனை வைக்கிறார். அவரே பொருட்பாலில் வீரரின் உள்ளத்து உயர்வைப் போற்றும் அதிகாரத்திற்குப் 'படைச்செருக்கு' என்று பெயரிடுகிறார். தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் செருக்கு குற்றமாகிறது. தன்னைவிடப் பெரிய ஒன்றிற்குத் தன்னைக் கொடுத்துவிட்டவனின் செருக்கு மாட்சி பெறுகிறது.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 'பழுக்காத நான்', 'பழுத்த நான்' என்று பிரித்துக் காட்டியதும் இதையே. 'என் செல்வம், என் குலம்' என்று நிமிர்வது பழுக்காத நான். 'நான் இறைவனின் அடியவன்' என்று நிற்பது பழுத்த நான். அந்த 'நான்' எவருக்கும் தீங்கு செய்வதில்லை.

ஆக, பெருமைப்படுவதே குற்றம் என்று சாஸ்திரங்கள் கூறவில்லை. அந்தப் பெருமை எதன்மீது நிற்கிறது என்பதையே கவனிக்கச் சொல்கின்றன. தொல்காப்பியர் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணி, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கின் அடியாக அது பிறக்கும் என்கிறார். அந்த அம்மையாரின் பெருமிதம் இவற்றுள் எதில் பிறந்தது? படைக்கல்வியும் அஞ்சாமையும் கணவருடையவை. புகழோ பிறர் தருவது. எஞ்சியிருப்பது கொடை. அவர் எதைக் கொடுத்தார்?

கொடுத்தது எது?

'நாட்டிற்காகக் கணவரையே கொடுத்துவிட்டார்' என்று புகழ்ந்து பேசுவது நம் வழக்கம். கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும் அது சரியன்று. கொடுப்பதற்கு அவர் பொருளல்லர். தம்மைத் தாமே கொடுத்தவர் அவர். மனைவி கணவரைக் கொடுத்தார் என்றால், அவர் மனைவியின் உடைமை என்றாகிவிடும். அந்த 'எனது' என்னும் உணர்விலிருந்தே பழுக்காத பெருமை முளைக்கிறது.

பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு உபதேசிக்கிறார். கணவன் கணவனுக்காக அன்புக்குரியவன் ஆவதில்லை. ஆத்மாவின் பொருட்டே அன்புக்குரியவன் ஆகிறான் என்பது அந்த உபதேசத்தின் கருத்து. அன்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை ரிஷி. அன்பின் வேர் எங்கிருக்கிறது என்பதைக் காட்டுகிறார். கணவரிடம் நாம் நேசிக்கும் ஆத்மாவே எல்லோரிடத்தும் இருக்கிறது என்று உணரும்போது, அவர் எல்லோருக்காகவும் புறப்படுவதைத் தடுக்க மனம் வராது.

அப்படியானால் மனைவி கொடுத்தது தமக்கே உரியவற்றை: தம் நிம்மதியை, அவரது நேரத்தின்மீது தமக்கிருந்த உரிமையை, மாலையில் அவர் வரும் காலடி ஓசையை. இவற்றை யாரும் கேட்டுப் பெறவில்லை. இவற்றிற்குப் பதக்கமும் இல்லை. இந்தக் கொடையில் பிறந்த பெருமிதம் முழுவதும் அவருடையது. கணவரின் சீருடையிலிருந்து அதைக் கடன் வாங்கவேண்டியதில்லை.

அச்சம் பெருமிதத்திற்குப் பகையா?

இனி, இரவில் வந்த அந்தக் கண்ணீர். அச்சம் இருப்பதால் பெருமிதம் பொய்யாகிவிடாது. விலையில்லாத ஒன்றைக் கொடுப்பவருக்கு அச்சம் வருவதில்லை. கொடுத்ததன் விலை தெரிந்தவரே அஞ்சுகிறார்.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் தன் உடல் நடுங்குவதையும் வில் கைநழுவுவதையும் ஒளிக்காமல் கண்ணனிடம் சொன்னான். அந்த ஒப்புதலுக்குப் பின்னரே கீதை பிறந்தது. 'வீரனின் மனைவி அழலாமா?' என்று அண்டை அயலார் கேட்கும்போது, தம்மை அறியாமலே அந்தப் பெண்ணுக்குப் பெரிய தீங்கு செய்கின்றனர். அச்சத்தை மூடி மறைக்கும் பெருமை நாளடைவில் வெறும் நடிப்பாகிவிடும். இறைவன் திருமுன் அச்சத்தைச் சொல்லி அழுதபின் எஞ்சும் பெருமிதம் அமைதி தரும்.

மூன்று உரைகற்கள்

நம் பெருமிதம் பழுத்ததா, பழுக்காததா என்று அறிய மூன்று கேள்விகள் உதவும்.

முதலாவது: யாரும் பாராட்டாவிட்டாலும் அது நிற்குமா? கணவரின் பணி எல்லைப்புறக் காவலாக இல்லாமல், மலைச்சரிவில் மரக்கன்று நடுவதாக இருந்தாலும் அதே மகிழ்ச்சி இருக்குமா? இருந்தால், நாம் போற்றுவது சேவையை. இல்லையேல், சேவையின் பகட்டை.

இரண்டாவது: அடுத்த வீட்டுக் கணவரை அது தாழ்த்துகிறதா? நோயுற்ற தாயைக் காக்க வீட்டிலேயே தங்கியவரும் தம் இடத்தில் நின்று கடமை ஆற்றுகிறார். சுவாமி விவேகானந்தர் 'கர்மயோகம்' நூலில் ஒரு சிறு பறவைக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறார். காட்டில் பசித்திருந்த விருந்தினருக்காக ஆண்பறவை தீயில் விழுந்தது. அது போதாதென்று கண்டு பெண்பறவையும், பின்னர் குஞ்சுகளும் விழுந்தன. இல்லறத்தானின் தியாகமும் துறவியின் தியாகமும் தத்தம் இடத்தில் பெரியவை என்பதை விளக்கச் சொன்ன கதை அது. அந்தப் பெண்பறவை தன் துணையின் தியாகத்தைப் பாடிக்கொண்டு கிளையில் அமர்ந்திருக்கவில்லை. தன் பங்கையும் செலுத்தியது.

மூன்றாவது: நம் பெருமிதத்திற்கு ஒரு பகைவன் தேவைப்படுகிறானா? இக்கேள்வி கடினமானது. எல்லையின் அப்பக்கத்திலும் ஒரு பெண் அன்றிரவு உறங்காமல் கிடந்திருப்பாள். அவளையும் வெறுத்தால்தான் என் கணவரின் பணி உயரும் என்று தோன்றினால், அந்தப் பெருமையில் நஞ்சு கலந்திருக்கிறது. காக்கும் கடமையை வெறுப்பின்றி ஆற்ற முடியும். கண்ணன் அர்ஜுனனுக்குக் காட்டிய வழி அதுவே. களத்தில் நிற்பவர் விருப்பு வெறுப்பைக் கடக்க முயலும்போது, வீட்டிலிருக்கும் நாம் வெறுப்பை வளர்க்கலாமா?

நம் பங்கு

இந்தக் கேள்விகள் அந்த அம்மையாருக்கு மட்டும் உரியவை அல்ல. ராணுவத்தில் உறவினர் எவரும் இல்லாத நமக்கும் நம் வீரர்களைக் குறித்துப் பெருமை உண்டு. நாம் அதற்கு என்ன கொடுத்தோம்? கரவொலிக்குச் செலவில்லை. கணவர் பயிற்சிக்குச் சென்றிருக்கும் வாரங்களில் அந்த வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோமா? பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தோமா? கொடையில்லாத பெருமிதம் நம்மிடமும் பழுக்காததே.

அன்று சத்சங்கத்தில் சுவாமிஜி நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. "பெருமையையும் பயத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. இரண்டையும் சேர்த்துத் தாயின் திருவடியில் வையுங்கள். அவள் எதை வைத்துக்கொள்கிறாள், எதைத் திருப்பித் தருகிறாள் என்று பாருங்கள்" என்று மட்டும் கூறினார்.

ஆரதி முடிந்து எல்லோரும் எழுந்தனர். அந்த அம்மையார் கிளம்பும்போது, அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மெல்லக் கேட்டார்: "நாளை உங்கள் மாமியாருக்கு மருத்துவரிடம் போகவேண்டிய நாள் அல்லவா? நான் துணைக்கு வருகிறேன்."