கயிறு பிடிக்கும் கை

குழந்தை ஒரு பொருளை நோக்கிக் கை நீட்டுகிறது. நம் வாயிலிருந்து முதலில் வரும் சொல் எது? 'தொடாதே!' என்பதுதான். எரியும் அடுப்பை நோக்கி நீண்ட கைக்கும் அதே சொல். அலமாரியிலுள்ள பீங்கான் கோப்பையை நோக்கி நீண்ட கைக்கும் அதே சொல். முன்னது பிள்ளையைக் காக்கச் சொன்னது. பின்னது கோப்பையைக் காக்கச் சொன்னது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கோ அதை அறிய வழியே இல்லை.

நம் கடற்கரை ஊர்களின் இல்லங்களில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று கூடத்தில் நிற்பதைக் காணலாம். சபர் சென்ற பாட்டன்மார் கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொணர்ந்த தட்டுகளும் கோப்பைகளும் அதனுள் அடுக்கியிருக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, தொடாமலே பெரியவர்களாகி, பின்பு தம் பிள்ளைகளுக்கும் 'தொடாதே' என்று சொன்ன தலைமுறைகள் பல. பொருள்கள் உடையாமல் இருக்கின்றன என்பது உண்மையே. பிள்ளைகளின் ஆவல் என்ன ஆயிற்று என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

அருங்காட்சியகங்களும் நெடுங்காலம் இந்த அலமாரியைப் போலவே இருந்தன. கண்ணாடிக்கு அப்பால் பொருள், இப்பால் மனிதர் என்பதே அவற்றின் முறை. சிறுவர்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1899இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் தோன்றியது. 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்னும் இயற்பியலார், பார்வையாளர் தாமே இயக்கி அறியும் கருவிகளைக் கொண்டு ஒரு கூடத்தை அமைத்தார். அணுகுண்டுத் திட்டத்தால் பெயர் பெற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி அவர். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்து, கால்நடை வளர்த்து, பின்பு சிற்றூர்ப் பள்ளியொன்றில் பாடம் நடத்தியவர். கையால் செய்து பார்ப்பதே கற்பது என்பதை வகுப்பறையில் கண்டுணர்ந்தவர்.

நம் நாட்டிலும் கல்கத்தாவில் 1959இலும், பெங்களூரில் 1965இலும் இத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. 1978இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் உருவாயிற்று. அதன் முயற்சியால் 1987இல் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் அமைந்தது. தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். இவ்விடங்களில் 'தொடாதே' என்ற பலகைக்கு வேலையில்லை. தொட்டால்தான் அங்கே எதுவும் பேசும்.

இத்தகைய அறிவியல் பூங்கா ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் சென்றோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. அப்போது நாம் வளைகுடா நாடொன்றில் பணியாற்றி வந்தோம். இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பில், விருந்துகளும் கல்யாண வீடுகளும் போக, பிள்ளைகளுக்கென ஒதுக்க முடிந்தது அந்த ஒரு நாளே. ஆகவே அங்குள்ள அனைத்தையும் மாலைக்குள் அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தோம்.

அங்கே கப்பி நாற்காலி ஒன்று இருந்தது. உயரே ஒரு கப்பி. அதன் மேல் ஓடும் கயிற்றின் ஒரு முனை நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையை நாற்காலியில் அமர்ந்திருப்பவரே பிடித்து இழுக்கலாம். அவ்வாறு இழுப்பவருக்குத் தம் எடையில் பாதியளவு விசையே போதுமானது. ஆனால் ஓரடி உயர, ஈரடிக் கயிறு கைவழியே இறங்க வேண்டும். பலத்தில் மிச்சப்படுவதைப் பொறுமையில் கட்டிவிட வேண்டும் என்பதே கப்பியின் கணக்கு.

மகன் ஏறி அமர்ந்தான். இழுத்தான், ஒரு சாண் உயர்ந்தான், கை தளர்ந்து இறங்கினான். மறுபடி இழுத்தான், மறுபடி இறங்கினான். பின்னால் காத்திருப்போர் எவரும் இல்லை. ஆயினும் நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். இன்னும் பார்க்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கி நாமே இழுத்தோம். நாற்காலி உச்சிக்குச் சென்றது. அவன் அக்காள் கைகொட்டினாள். நாமும் மகிழ்ந்தோம். கீழே இறங்கிய மகன் எம் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "வாப்பா, இது நீங்க தூக்குனது. நான் தூக்கலையே!"

அதற்குப் பின் எதைக் காட்டினாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தான். அன்று மாலைக்குள் அங்கிருந்த அனைத்தையும் பார்த்து முடித்தோம். அடுத்த விடுப்பில் நாம் வந்தபோது அவனுக்கு எட்டு வயது. அந்த நாற்காலியைப் பற்றி அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இதை எண்ணும்போதெல்லாம் நம் கடலின் பழைய தொழிலொன்று நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. அதுவரை பரதவரும், கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம் முக்குளிப்போரும் அத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். குளிப்பவர் ஒரு கனத்த கல்லின் மேல் காலூன்றி, மூச்சடக்கிக் கடலின் அடிக்குச் செல்வார். சிப்பிகளை வாரிப் பையில் இடுவார். தோணியில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. தன் உடன்பிறந்தாள் தாலி அறுக்க எவனும் துணியமாட்டான் அல்லவா?

அந்தக் கயிறு பிடிப்பவரின் கடமையைக் கூர்ந்து நோக்குவோம். அவர் கடலில் குதிப்பதில்லை. சிப்பி எங்கே கிடக்கிறது என்று மேலிருந்து கூவுவதில்லை. கீழேயுள்ளவர் கயிற்றை அசைக்கும்வரை அவர் இழுப்பதும் இல்லை. முன்னதாக இழுத்தால் குளித்தவர் வெறுங்கையோடு வருவார். அசைத்த பின்னும் இழுக்கத் தாமதித்தால் அவர் உயிரோடு வரமாட்டார். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நிமிட நேரம் முழுவதும் அவர் கவனம் தம் உள்ளங்கையிலேயே இருக்க வேண்டும்.

பிள்ளைகளோடு இத்தகைய இடங்களுக்குச் செல்லும் பெற்றோர் நிலையும் இதுவே என்று நாம் கருதுகிறோம். புதியதொன்றின் முன் நிற்கும் குழந்தை மூச்சடக்கித்தான் நிற்கிறது. அது ஆழத்தில் இருக்கும்போது நாம் இழுத்துவிடுகிறோம். 'பார்த்தது போதும், அடுத்ததுக்கு வா' என்கிறோம். அது கேட்குமுன்னே விடையைச் சொல்கிறோம். அது செய்யுமுன்னே செய்து காட்டுகிறோம். மற்றொரு பக்கம், கயிற்றையே நழுவவிட்டுவிட்டுக் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் பெற்றோரும் உண்டு. குழந்தை 'வாப்பா, பாருங்க, பாருங்க!' என்று மூன்று முறை கயிற்றை அசைத்த பின்னரே அவர்கள் தலை நிமிர்கிறது. அவசரமும் அலட்சியமும் வேறு வேறு குணங்களாகத் தோன்றலாம். பிள்ளையின் அசைவுக்குக் காத்திராத கை இரண்டிலும் ஒன்றுதான்.

'எல்லாவற்றையும் தொடவிட்டால் பிள்ளைக்கு அடக்கம் எங்கிருந்து வரும்?' என்று பெரியவர்கள் கேட்பர். தள்ளத்தக்க கேள்வியன்று. ஆனால் 'தொடாதே' என்ற சொல்லால் மட்டும் வந்த அடக்கம், சொன்னவர் அறையை விட்டு அகலும்வரைதான் நிற்கும். தொட்டுப் பழகிய பிள்ளைக்கு எது உடையும், எது வளையும், எவ்வளவு விசை போதும் என்பது கைக்கே தெரியும். மேலும், தொடும் உரிமையோடு ஒரு பொறுப்பும் வருகிறது. அந்தக் கருவி நம்முடையதன்று. நமக்கு முன் ஒரு பிள்ளை அதை நல்ல நிலையில் விட்டுச் சென்றது; நமக்குப் பின் மற்றொரு பிள்ளை வரிசையில் நிற்கிறது. இதைத்தான் நம் வீடுகளில் அமானிதம் என்கிறோம். அச்சொல்லைப் பல முறை ஓதிக் கேட்ட பிள்ளையும், அதன் பொருளைக் கையில் உணர்வது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

தொடக்கூடாதவையும் உலகில் உண்டு. நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூரில், அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து 2023இல் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. பல நூற்றாண்டுகள் மண்ணுள் கிடந்த தாழிகளைக் காலடியில் கண்ணாடி வழியே காணலாம். அவற்றை எல்லோரும் தொட்டால் எவருக்கும் மிஞ்சா. பிற இடங்களில் தொட அனுமதி பெற்ற பிள்ளைக்கு இதைச் சொன்னால் விளங்கும். எங்கும் தடையையே கண்ட பிள்ளைக்கு இதுவும் மற்றொரு பூட்டிய அலமாரிதான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் என்னும் அறிஞர் இருண்ட அறையொன்றின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தார். ஒரு புள்ளி மட்டும் மறைந்தது. ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் நேர்கோட்டிலேயே செல்கின்றன என்று அதனால் அறிந்தார். முன்னோர் கூற்றையும் சோதித்துப் பார்த்தே ஏற்கவேண்டும் என்ற நெறியில் நின்றவர் அவர். இச்சோதனைக்கு வேண்டியவை துளையிட்ட ஓர் அட்டையும் சில விளக்குகளுமே. எந்த வீட்டிலும் ஓர் இரவில் இதைச் செய்து பார்க்கலாம்.

நம் கரையிலேயே தொட்டறிய எத்தனை பொருள்கள்! முத்துக்களைத் தரம் பிரிக்கத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சலித்தனர் நம் வணிகர். அத்தகைய சல்லடை ஒன்றும், ஒரு பிடிப் பாசிமணியும் கொடுத்தால் ஒரு பிள்ளை அரை நாள் கணக்குப் படிக்கும். சங்கும் சிப்பியும் கடற்கரையிலேயே கிடைக்கும். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைத் தொலைவிலிருந்து காட்டிவிட்டுக் கிணற்றுக் கப்பியில் அவன் கையாலேயே ஒரு வாளி நீர் இறைக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் பெரும் பொருள் தேவையில்லை. காத்திருக்கும் மனம் ஒன்றே தேவை. அதுதான் நம்மிடம் அரிதாக இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு நெல்லைக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனைத்தையும் காட்டிவிட எண்ணாதீர்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். அன்று ஒன்றை மட்டுமே பார்த்துத் திரும்பினாலும் குறைவில்லை. அந்தக் கயிறு அதன் கையிலேயே இருக்கட்டும். ஒரு சாண் உயர்ந்து இறங்கும், மறுபடி உயரும். எம் மகனுக்கு அன்று நாம் கொடுக்கத் தவறியது அந்த இரண்டாவது சாண்தான்.